பஸ் வேகமும் பாழான பக்கங்களும்

சென்ற ஆண்டு நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில், கணினியியல் பயிலும் தம்பி ஒருவர் என் அருகில் வந்தமர்ந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கணினியில் வந்து நின்றது. “அண்ணா, ஓவர்கிளாக் செய்தால் என்னதான் ஆகிவிடும்? மிஞ்சிப் போனால் புராசசர் சூடாகும். நல்ல விசிறி ஒன்று போட்டால் போதுமே!” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 1999-இல் இதையே நானும் சொல்லியிருக்கிறேன், ஏறக்குறைய இதே சொற்களில். அப்படிச் சொன்ன வாயால் அவ்வாண்டு மலர் வெளிவராமலே போயிருக்கும். மேடையில் நிகழ்ச்சி தொடங்கிவிட்டதால் அவருக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இக்கட்டுரை.

தாளம் ஒன்று, ஆடுவோர் பலர்

பஸ் என்றதும் பேருந்து நினைவுக்கு வந்தால் தவறில்லை. கணினிக்குள் புராசசர், நினைவகம், கிராஃபிக்ஸ் அட்டை, வன்தட்டு ஆகியவற்றுக்கிடையே தரவுகளை ஏற்றியிறக்கும் பாதைக்கே அப்பெயர். ஆனால் இந்தப் பேருந்து கால அட்டவணை தவறாதது. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு படிகம் இடைவிடாமல் துடிக்கிறது. அந்தத் துடிப்பிலிருந்துதான் மற்ற எல்லாத் துடிப்புகளும் பிறக்கின்றன. உறுமி மேளக் குழுவை எண்ணிப் பாருங்கள். முன்னால் அடிப்பவர் தாளத்தைக் கூட்டினால், அரைத்தாளம் அடிப்பவரும் கால்தாளம் அடிப்பவரும் தாமாகவே கூட்டித்தான் ஆகவேண்டும். அவர்களுக்குக் கை வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அக்காலக் கணினிகளில் புராசசரின் வேகம் ஓர் எளிய பெருக்கல் கணக்கு. பஸ் வேகத்தைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் புராசசர் வேகம் கிடைக்கும். 1998 ஆகஸ்டில் வெளிவந்த செலரான் 300ஏ புராசசருக்குப் பெருக்கெண் 4.5. எனவே 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் அது 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண்ணை இண்டெல் பூட்டி வைத்திருந்தது. ஆனால் பஸ்ஸை 100-க்கு உயர்த்தினால் அதே புராசசர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-இன் வேகம் மலிவு விலைச் செலரானில் கிடைத்தது என்றால் மாணவர்கள் சும்மா இருப்பார்களா? பஸ் வேகத்தை மாற்ற வசதியில்லாத தாய்ப்பலகை வைத்திருந்தவர்கள், புராசசர் அட்டையில் பி21 என்னும் ஒரேயொரு முனையின் மேல் சிறு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினார்கள். உடனே பலகை அதை 100 மெகாஹெர்ட்ஸ் புராசசர் என்று நம்பிவிடும். இம்பி பிளாசாவில் கணினி வாங்கி வந்த மாணவர்களிடம் அப்போது பரவிய பெரிய ‘இரகசியம்’ இதுதான்.

எங்கள் அறையில் இருந்தது 300ஏ அல்ல, அதனுடன் வெளிவந்த செலரான் 333. அதன் பெருக்கெண் 5. பஸ்ஸை 100 ஆக்கினால் 500 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவு வேகத்தை எங்கள் புராசசர் தாங்கவில்லை, விண்டோஸ் 98 பாதியிலேயே நின்றுபோனது. ஆகவே என் அறைத்தோழனும் நானும் கலந்து பேசி, ‘பேராசை வேண்டாம், நடுவழியில் போவோம்’ என்று பஸ்ஸை 83 மெகாஹெர்ட்ஸில் வைத்தோம். புராசசர் ஏறக்குறைய 415 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இரவு முழுவதும் விளையாட்டு ஓடவிட்டோம். ஒரு முறைகூட நிற்கவில்லை. கையால் தொட்டுப் பார்த்தோம், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக இருவருக்கும் பெருமை வேறு.

83 ஏன் 100-ஐ விடக் கொடியது?

நாங்கள் செய்த தவறு இங்கேதான் இருக்கிறது. சற்று நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் பலகையில் இருந்தது, 1998 ஏப்ரலில் இண்டெல் வெளியிட்ட 440பிஎக்ஸ் சிப்செட். அதில் மூன்று முக்கியப் பாதைகள் பஸ் துடிப்பைச் சார்ந்திருந்தன. நினைவகம் பஸ்ஸின் அதே வேகத்தில் ஓடும். கிராஃபிக்ஸ் அட்டைக்கான ஏஜிபி பாதை 66 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டும். ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை போன்றவை அமர்ந்திருக்கும் பிசிஐ பாதை 33 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டும். இந்த 66-ஐயும் 33-ஐயும் பஸ் வேகத்தை வகுத்துத்தான் பெற்றார்கள். பஸ் 66 என்றால் ஏஜிபிக்கு அப்படியே 66, பிசிஐக்கு அதில் பாதி 33. பஸ் 100 என்றால் ஏஜிபிக்கு மூன்றில் இரண்டு பங்கு, பிசிஐக்கு மூன்றில் ஒரு பங்கு. மறுபடியும் 66, 33. கணக்குச் சரி.

83-க்கு என்ன வகுஎண்? அப்படி ஒரு வேகம் அதிகாரப்பூர்வமாக இல்லவே இல்லை. ஆகவே பலகை 66-க்கான பழைய வகுஎண்களையே பயன்படுத்தியது. ஏஜிபி 83, பிசிஐ 41.6. அதாவது புராசசரை மட்டும் 25 விழுக்காடு விரட்டுவதாக நினைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த அத்தனையையும் 25 விழுக்காடு விரட்டியிருந்தோம். நேராக 100-க்குப் போயிருந்தால் புராசசர் திணறியிருக்கும், ஆனால் மற்ற பாகங்கள் தத்தம் வேகத்திலேயே நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் கண்ணுக்கு ‘மிதமாக’த் தெரிந்த எண்தான் வன்தட்டுக்கு மோசமான எண்ணாக இருந்தது.

வன்தட்டு எங்கே இதில் வந்தது என்று கேட்கலாம். வன்தட்டை ஆளும் ஐடிஇ கட்டுப்படுத்தி, சவுத்பிரிட்ஜ் சில்லுக்குள் இருந்தது. அந்தச் சில்லு பிசிஐ பாதையில் தொங்கிக்கொண்டிருந்தது. வன்தட்டுக்கு எப்போது எழுது, எப்போது படி என்று சொல்லும் நேரங்களை அது பிசிஐ துடிப்புகளை எண்ணித்தான் கணக்கிட்டது. பழைய ஐஎஸ்ஏ அட்டைகளும் தப்பவில்லை. பிசிஐ துடிப்பில் நான்கில் ஒரு பங்கான 8.33 மெகாஹெர்ட்ஸ் அவற்றுக்கு உரியது. எங்கள் மோடம் 10.4-இல் ஓடியது. அடிக்கடி இணைப்பு அறுந்ததற்குத் தொலைபேசி நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தோம்.

ஆறு நானோ விநாடிகள்

“வேகமாக ஓடினால் தவறு ஏன் நேர வேண்டும்?” என்பது நல்ல கேள்வி. விடை நேரப் பங்கீட்டில் இருக்கிறது.

33 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கு 30 நானோ விநாடி. பிசிஐ வரையறை இந்த 30-ஐ இப்படிப் பங்கிடுகிறது: அனுப்பும் சில்லு தன் சமிக்ஞையை வெளியிட அதிகபட்சம் 11, அது பலகையின் கம்பிகளில் பயணம் செய்து அமைதியடைய 10, துடிப்பு எல்லா அட்டைகளையும் ஒரே கணத்தில் எட்டாத குறைக்கு 2, பெறும் சில்லு அடுத்த துடிப்புக்கு முன் தரவைச் சரியாகப் பற்றிக்கொள்ள 7. கூட்டினால் 30. மிச்சம் பூச்சியம். பிசிஐ 41.6 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது ஒரு துடிப்புக்கு இருப்பது 24 நானோ விநாடிதான். யாரோ ஒருவருடைய பங்கிலிருந்து 6 நானோ விநாடி பறிபோகிறது.

நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, உண்மையான சில்லுகள் பெரும்பாலும் வரையறை கேட்பதைவிடச் சற்றுச் சுறுசுறுப்பானவை. அதனால் 24-இலும் வேலை நடந்துவிடும், இலட்சம் முறை, பத்து இலட்சம் முறை. எப்போதாவது ஒரு முறை சமிக்ஞை வந்து சேர்வதற்குள் பெறுபவர் பற்றிவிடுவார். ஒன்று என்பது பூச்சியம் ஆகிவிடும். வெப்பம் ஏறினால் இத்தகைய சில்லுகள் மந்தமாகும். குளிர்சாதனம் இல்லாத விடுதி அறை, பிற்பகல் இரண்டு மணி, கூரைக்கு நேர் கீழே மூன்றாம் மாடி. எங்கள் கணினியின் கோளாறுகள் பிற்பகலில் வந்ததற்குக் காரணம் இப்போது விளங்குகிறது. அப்போது ‘நச்சுநிரல்’ என்று முடிவு கட்டினோம்.

எழுத்துப் பிழைகள்

அந்த ஆண்டு மலரின் பக்கங்கள் எங்கள் அறைக் கணினியில்தான் உருவாகிக்கொண்டிருந்தன. தமிழ்த் தட்டச்சுக்கு முரசு அஞ்சல், பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கர். கட்டுரைகளை முதலாமாண்டுத் தங்கை ஒருவர் சாதாரண எழுத்துக் கோப்புகளாகத் தட்டச்சு செய்து டிஸ்கெட்டில் கொண்டுவருவார். நான் அவற்றை வன்தட்டில் ஏற்றி, அச்செடுத்து, ஆசிரியர் குழுத் தலைவியான அக்காவிடம் பிழை திருத்தக் கொடுப்பேன்.

முதலில் வந்தவை எழுத்துப் பிழைகள். ‘க’ இருக்கவேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து. கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற ஒரு குறி. அன்றைய தமிழ் எழுத்துருக்களில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எட்டுபிட்டு எண். அதில் ஒரே ஒரு பிட்டு மாறினாலும் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிவிடும். கோப்பு திறக்கும், கணினி எந்த எச்சரிக்கையும் தராது. பார்ப்பவருக்கு அது தட்டச்சுப் பிழையாகத்தான் தோன்றும். அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. “தமிழ்ப் பேரவை மலரிலேயே இத்தனை பிழையா? கொஞ்சம் கவனமாகத் தட்டச்சு செய்யம்மா,” என்று தங்கையிடம் சொன்னார். இரண்டாம் முறை சற்றுக் கடுமையாகவே சொன்னார். “அக்கா, நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்,” என்று அவர் மெல்லிய குரலில் சொன்னதை நானும் கேட்டேன். பக்கத்தில்தான் நின்றேன். நம்பவில்லை.

அச்சகத்துக்கு அனுப்ப எட்டு நாள் இருக்கையில் ஒரு கட்டுரை திறக்க மறுத்தது. பிறகு ஒரு கவிதைப் பக்கத்தின் நடுவே வேறொரு கட்டுரையின் பத்தி வந்து உட்கார்ந்திருந்தது. எந்தக் கோப்பு தட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் பட்டியலிலேயே தவறு புகுந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. இரு கோப்புகள் ஒரே இடத்தைத் தமதென்று கொண்டாடின.

அப்போது நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஸ்கேன்டிஸ்கை ஓடவிட்டேன், பஸ் 83-இல் இருக்கும்போதே. பழுதுபார்க்க வந்தவர் தடுமாறும் கையோடு வந்தது போலாயிற்று. சரியாக இருந்த கோப்புகளையும் அது தவறாகப் படித்து, ‘திருத்தி’, தவறாக எழுதியது. முடிந்தபோது பேஜ்மேக்கர் கோப்புகள் பல காணோம். தட்டின் வேரில் FILE0000 என்பது போன்ற வரிசைப் பெயர்களோடு உடைந்த துண்டுகள் கிடந்தன. மனம் தளர்ந்துவிடாமல், படிமமாக டிஸ்கெட்டுகளில் வைத்திருந்த நகல்களை எடுத்தோம். அவையும் அதே கணினியில், அதே 83-இல் படித்து எழுதப்பட்டவைதாமே? பாதி நகல்களில் ஏற்கெனவே கெட்டுப்போன எழுத்துகள் இருந்தன.

மின்பொறியியல் இறுதியாண்டில் இருந்த அண்ணன் ஒருவர், ஒட்டுக்கடையில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னோம். “பஸ் எவ்வளவு?” என்ற ஒரே கேள்விதான் கேட்டார். பதில் சொன்னதும் தேநீரை வைத்துவிட்டு எழுந்து எங்கள் அறைக்கு வந்தார்.

அவர் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். 64 மெகாபைட் நினைவகம் இருந்த எங்கள் கணினியில், 100 மெகாபைட்டுக்கும் பெரிய கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டார். சிறிய கோப்பு என்றால் விண்டோஸ் அதை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஏமாற்றிவிடும் என்றார். அதை இருபது முறை நகலெடுத்து, டாஸின் எஃப்சி கட்டளையால் ஒவ்வொரு நகலையும் மூலத்தோடு பைட்டு பைட்டாக ஒப்பிட்டார். 83-இல் இருபதில் மூன்று நகல்கள் வேறுபட்டன. ஜம்பரை மாற்றி 66-க்குக் கொண்டுவந்து மறுபடியும் இருபது முறை. ஒன்றுகூட வேறுபடவில்லை. வன்தட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதே தட்டை வடிவமைத்து மேலும் மூன்றாண்டுகள் பயன்படுத்தினோம். கெட்டது அதில் இருந்தவை மட்டுமே.

எச்சரிக்கை ஏன் வரவில்லை என்றும் அவர் விளக்கினார். வன்தட்டுக் கம்பியில் தரவு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் முறை அல்ட்ரா டிஎம்ஏவில் உண்டு. ஆனால் விண்டோஸ் 98-இல் டிஎம்ஏ என்னும் கட்டத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய பிஐஓ முறையில் அந்தச் சரிபார்ப்பு கிடையாது. தேர்ந்தெடுத்திருந்தாலும் கம்பிக்குத்தான் காவல். பிசிஐ பாதையில் நடந்த தவறுக்கு அங்கே காவலில்லை.

மற்ற பாகங்கள்

நினைவகம் தப்பியது எங்கள் நல்லூழ். 100 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய துண்டு என்பதால் 83 அதற்குப் பொருட்டல்ல. பக்கத்து அறையில் 66-க்கு உரிய பழைய துண்டோடு 100-க்குப் போன நண்பருக்கு நாள்தோறும் நீலத்திரை. அவர் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர் என்பேன். நீலத்திரை சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது. ஏஜிபி அட்டைகள் 83-ஐ ஓரளவு தாங்கின, சில திரையில் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டன. பிஎக்ஸ் பலகையை 133-க்கு உயர்த்தியவர்களுக்கு ஏஜிபி 89 ஆனது, ஏனெனில் அதில் மூன்றில் இரண்டுக்கு மேல் வகுஎண் இல்லை. பிசிஐக்கு நான்கில் ஒரு பங்கு கொடுத்த பலகைகள் இருந்ததால் அவர்கள் வன்தட்டு மட்டும் தப்பியது. ஒலி அட்டையில் வந்த கரகரப்பை நாங்கள் ஒலிபெருக்கியின் குறை என்று நினைத்து ஒலிபெருக்கியையே மாற்றினோம்.

வெப்பத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். துடிப்பு கால் பங்கு கூடினால் புராசசர் உண்ணும் மின்சாரமும் ஏறக்குறைய கால் பங்கு கூடும். மின்னழுத்தத்தையும் கூட்டினால் அதன் இருமடி விகிதத்தில் ஏறும். அந்த மின்சாரத்தை வழங்கும் பலகையின் மின்தேக்கிகள், ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஆயுளில் பாதியை இழக்கும் என்பது மின்னணுத் துறையினர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

புராசசரைச் சோதிக்கும் மென்பொருள்களை நம்பி ஏமாறுவோர் இன்றும் உண்டு. பிரைம்95 மணிக்கணக்கில் பிழையின்றி ஓடினால், புராசசரும் நினைவகமும் சரியாக இருக்கின்றன என்று கொள்ளலாம். வன்தட்டுப் பாதையை அது தொடுவதே இல்லை. நாங்கள் இரவு முழுவதும் ஓட்டிய விளையாட்டும் அப்படித்தான்.

இன்று

2002-இல் வந்த என்விடியாவின் என்ஃபோர்ஸ்2, 2003-இல் வந்த இண்டெல்லின் 865, 875 சிப்செட்டுகளோடு, பஸ் எப்படி மாறினாலும் ஏஜிபியை 66-லும் பிசிஐயை 33-லும் பூட்டிவைக்கும் வசதி பரவலானது. எங்கள் நோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். 2011-இல் இண்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது கதை பழையபடி ஆனது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பு ஒன்றிலிருந்தே பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யுஎஸ்பி எல்லாம் பிறந்தன. நூற்றுக்கு ஐந்து கூட்டுவதற்குள் பல கணினிகள் தடுமாறின. 2015-இல் வந்த ஸ்கைலேக்கில்தான் அவற்றை மீண்டும் பிரித்தார்கள். இப்போது பெரும்பாலோர் அடிப்படைத் துடிப்பைத் தொடுவதில்லை, பூட்டப்படாத பெருக்கெண்ணை மட்டும் உயர்த்துகிறார்கள். அதனால் ஆபத்து புராசசரோடு நின்றுவிடுகிறது. அந்தத் தம்பி சொன்னது இவ்வளவில் சரிதான்.

ஆனால் நினைவகத்துக்கு எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று பயோஸில் ஒரே சொடுக்கில் வேகம் கூட்டுகிறார்களே, அதுவும் ஓவர்கிளாக்தான் என்பதைப் பலர் அறிவதில்லை. டிடிஆர்5 சில்லுக்குள் பிழைதிருத்தம் இருக்கிறது என்பார்கள். அது சில்லுக்குள் மட்டும். சில்லிலிருந்து புராசசருக்கு வரும் வழியில் நேரும் பிழையை அது அறியாது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் கணினியில் அதைச் சொடுக்கினால், குறைந்தது ஓரிரவு நினைவகச் சோதனை ஓடவிடுங்கள். பழைய நகலின் மேல் புதிய நகலை எழுதாதீர்கள். ஏதாவது சந்தேகம் வந்தால், பழுதுபார்க்கும் எந்த மென்பொருளையும் தொடுவதற்கு முன் வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

எட்டு நாளில் நாங்கள் என்ன செய்தோம்? அக்காவிடம் பிழைதிருத்தத்துக்குப் போன தாள்கள் ஒரு காலணிப் பெட்டியில் இருந்தன. அவற்றைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தோம், கணினி 66-இல். பெரும்பகுதியைத் தட்டச்சு செய்தவர் அந்தத் தங்கைதான். இரண்டாம் நாள் இரவு, அக்காவும் இருக்கும்போது, பிழைகள் யாருடையவை என்று சொன்னேன். அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு தங்கையின் தோளில் கைவைத்து, “மன்னித்துவிடம்மா,” என்றார். தங்கை என்னைத்தான் பார்த்தார். “அண்ணா, என் டிஸ்கெட்டுகளை நான் அழிக்கவில்லை. வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே,” என்றார். அவர் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து கொண்டுவந்த மூல டிஸ்கெட்டுகள், பதினான்கு, இரப்பர் வளையம் போட்டு அவர் பையிலேயே இருந்தன. அவற்றில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.